நாலு பேர் ஏறினால் இன்ஜின் முக்குகிறது: எந்த புரொப்பெல்லர் மாட்டலாம்?

கேள்வி: காவேரிப்பாக்கம் பக்கம் மீன்பாசி குத்தகை எடுத்திருக்கிறோம். 16 அடி ஃபைபர் போட். சென்னையிலிருந்து பழைய 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு இன்ஜின் (ஃபோர் ஸ்ட்ரோக்) வாங்கி மாட்டினோம். ரெண்டு பேர் போனால் நன்றாக ஓடுகிறது. நாலு பேர், வலை, மீன் பெட்டி எல்லாம் ஏறிவிட்டால் இன்ஜின் முக்குகிறது, போட் நகர மாட்டேன் என்கிறது. புரொப்பெல்லரில் 9¼ x 9¾ என்று இருக்கிறது. கடைக்காரர், ‘இதைவிடப் பெரிய நம்பர் போடுங்க, இழுவை கிடைக்கும்’ என்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள். அவர் சொல்வது எந்த நம்பரை என்று தெரியவில்லை. இரண்டாவது நம்பரைத்தான் என்றால், இன்ஜின் இன்னும் மோசமாக முக்கும்.

முதல் நம்பர் விட்டம். இரண்டாவது பிட்ச்; வழுக்காமல் ஒரு சுற்று சுற்றினால் புரொப்பெல்லர் முன்னே போகக்கூடிய தூரம். இரண்டுமே அங்குலக் கணக்கு. 9¾ அங்குலம் என்றால் சுமார் 25 செ.மீ. உங்கள் இன்ஜின் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றுகிறது, கியரில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்து புரொப்பெல்லர் 2700 சுற்றுகிறது என்று வையுங்கள். காகிதக் கணக்கில் மணிக்கு 40 கிலோமீட்டர் வரும். நாலு ஆளும் மீனும் ஏற்றிய 16 அடி போட் அதில் மூன்றில் ஒரு பங்கு போனாலே அதிகம். அதாவது, அந்த பிட்ச் காலியான, இலேசான போட்டுக்கானது. சுமை ஏறியபின் அதை வைத்து ஓட்டுவது, லோடு லாரியை டாப் கியரிலேயே ஏலகிரி மலை வளைவுகளில் ஏற்றுவது மாதிரி. உங்களுக்கு வேண்டியது பிட்ச் குறைந்த புரொப்பெல்லர். விட்டம் அதே அளவோ, மேலே இருக்கும் தகட்டில் இடிக்காமல் இடமிருந்தால் கொஞ்சம் கூடுதலாகவோ இருக்கலாம்.

எவ்வளவு குறைப்பது? அதற்கு ஆர்.பி.எம்., அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று தெரிய வேண்டும். நம்மூரில் யாரும் பார்க்காத விஷயம் இதுதான். புரொப்பெல்லருக்குச் செலவு செய்வதற்குமுன் சுற்றை அளக்கும் ஒரு சின்ன டிஜிட்டல் டாக்கோமீட்டர் வாங்குங்கள். அதன் வயரை பிளக் வயர்மேல் நாலைந்து சுற்று சுற்றினால் போதும். மீட்டரில் ஒரு சுற்றுக்கு எத்தனை ஸ்பார்க் என்ற செட்டிங் இருக்கும், அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஐடிலிங்கில் (கியர் போடாமல், ஆக்சிலேட்டர் கொடுக்காமல் ஓடும்போது) 900, 1000 பக்கம் காட்டினால் செட்டிங் சரி. 450 என்றோ 1900 என்றோ காட்டினால் மாற்றுங்கள்.

காற்று எழும்புமுன் காலையில், வழக்கமான முழுச் சுமையோடு, ஏரியில் ஆழமும் நீளமும் உள்ள பக்கம் போங்கள். ஆக்சிலேட்டரை முழுக்கத் திருப்பி, போகவர இரண்டு திசையிலும் ஓட்டி, நிலையாக நிற்கும் எண்ணைக் குறியுங்கள். அப்புறம் ரெண்டு பேரோடு மட்டும் ஒரு தடவை. இந்த ரகத்தில் பல இன்ஜின்களுக்கு முழு ஆக்சிலேட்டரில் 5000 முதல் 6000 வரை கம்பெனி அனுமதிக்கிறது. சில பழைய மாடல்களுக்கு 4500 முதல் 5500 வரைதான். உங்கள் மாடலின் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரெண்டு பேரோடு போகும்போதே அந்த எல்லையைத் தொடவில்லை என்றால் புரொப்பெல்லரைக் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டு பிளக்கும் எரிகிறதா, கேபிள் கார்புரேட்டரை முழுக்கத் திறக்கிறதா, போட்டின் அடித்தட்டுக்குள் தண்ணீர் புகுந்து எடை கூடியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரெண்டு பேருக்கு 5300, நாலு பேருக்கு 4600 என்கிற மாதிரி வந்தால், சிக்கல் பிட்ச்தான்.

ஒரு அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 சுற்று ஏறும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பெரிய இன்ஜின்களை வைத்துச் சொன்ன கணக்கு. 19 அங்குல பிட்ச்சில் ஒரு அங்குலம் சின்ன மாற்றம். உங்களுடையதில் பத்தில் ஒரு பங்கு. அதனால் சுற்று இன்னும் கூடுதலாகவே ஏறும். முதலில் இரண்டு அங்குலம் குறைத்து, 7¾ அல்லது 8-க்குப் பக்கத்தில் கிடைப்பதை மாட்டிப் பாருங்கள். சுமையோடு அனுமதித்த எல்லையின் மேல்பாதிக்குள் நின்றால் போதும். பழைய புரொப்பெல்லரை விற்றுவிடாதீர்கள். ரெண்டு பேர் மட்டும் போகும் நாளில் சின்ன பிட்ச்சோடு முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால் சுற்று எல்லை தாண்டக்கூடும்; அன்றைக்குப் பழையதை மாட்டுங்கள், இல்லையென்றால் ஆக்சிலேட்டரைக் குறைத்து ஓட்டுங்கள்.

வேகம் கூடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். சுமையேற்றிய 16 அடி போட் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும்போது மணிக்கு 9, 10 கிலோமீட்டருக்குமேல் போக முரண்டு பிடிக்கும். அதைத் தாண்டித் தண்ணீர்மேல் எழும்பி ஓட இந்த இன்ஜினுக்குச் சக்தி போதாது. உங்களுக்குக் கிடைக்கப்போவது சுலபமான கிளம்பல், குறைந்த பெட்ரோல், இன்ஜினுக்கு ஆயுள். குறைந்த சுற்றில் முழு ஆக்சிலேட்டர் கொடுத்து முக்கவைத்தால் சூடு ஏறும், கரி படியும், பிஸ்டன் சீக்கிரம் போய்விடும்.

இன்னொரு சந்தேகம். கடற்கரையிலிருந்து வந்த இன்ஜின் என்பதால் அது 20 அங்குல லாங் ஷாஃப்டா (கால் நீளமான ரகமா) என்று பாருங்கள். இன்ஜினை மாட்டும் உங்கள் போட்டின் பின்பலகை 15 அங்குல உயரம்தான் என்றால், புரொப்பெல்லர் தேவையில்லாத ஆழத்தில் சுற்றும். கோடையில் தண்ணீர் வற்றும் ஏரியில் அது சேற்றைக் கிண்டும். புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டையான தகடு போட்டின் அடிமட்டத்துக்கு நேராகவோ, ஒரு அங்குலம் கீழேயோ இருப்பதுதான் சரி.

ஸ்டீல் வேண்டாம், அலுமினியமே வாங்குங்கள். ஏரிக்குள் வெட்டிவிட்ட வேலிக்காத்தான் கட்டைகள் எங்கே இருக்கின்றன என்று தண்ணீர் நிறைந்தபின் யாருக்கும் தெரியாது. அலுமினியம் பிளேடு வளைந்தோ உடைந்தோ அடியை வாங்கிக்கொள்ளும். ஸ்டீல் அதை கியருக்கே கடத்திவிடும். நாலு பிளேடு புரொப்பெல்லருக்குச் சுமையில் பிடிமானம் நல்லது என்றாலும் இந்த அளவில் கிடைப்பது அரிது, அதற்காக அலைய வேண்டாம்.

வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். உள்ளே இருக்கும் பல் எண்ணிக்கையும் துளையும் பொருந்த வேண்டும். சில கம்பெனிகளில் பிட்ச்சுக்குப் பிறகு ஒரு எழுத்து பொறித்திருப்பார்கள், அது எந்த இன்ஜின் தண்டுக்கு உரியது என்பதற்கான குறி. அதையும் ஒத்துப் பாருங்கள்.

கழற்றும்போது முதல் வேலை, பிளக் வயர்களை உருவிவிடுவது. புரொப்பெல்லரை இழுத்ததும் உள்ளே தண்டில் இருக்கும் வாஷரையும் எடுத்துப் பாருங்கள். செவுள் வலை போடுகிறவர்களின் இன்ஜினில், அதன் பின்னால் நைலான் நரம்பு நூல் சுற்றிக் கிடக்காமல் இருப்பது அபூர்வம். அது உருகி இறுகி, கியருக்குள் தண்ணீர் புகாமல் தடுக்கும் ஆயில் சீலை அறுக்கும். அப்புறம் கியர் ஆயிலில் தண்ணீர் கலந்து பால் மாதிரி வெளுத்துவிடும். கத்தியால் சீலைக் கீறாமல் நூலை வெட்டி எடுங்கள், தண்டின் பற்களில் தண்ணீர் தாங்கும் கிரீஸ் தடவுங்கள், வாஷரை வந்த வரிசையிலேயே திருப்பிப் போடுங்கள். மாதம் ஒருமுறை இதைச் செய்யுங்கள். நட்டை இறுக்கியபின், நட்டு கழலாமல் பிடிக்கும் பழைய காட்டர் பின்னை நிமிர்த்தி மறுபடி போடுகிற வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். நிமிர்த்தி நிமிர்த்தி அது நடு ஏரியில் முறியும், நட்டு கழன்றால் புது புரொப்பெல்லர் தண்ணீருக்குள் போய்விடும். புது காட்டர் பின்கள் நாலைந்து சேர்த்தே வாங்கி வையுங்கள்.