ஊசி குத்தினா பரவிடுமா?

கேள்வி: எங்க அக்காவுக்கு 46 வயசு, மார்புல கட்டி. மேமோகிராம் பாத்துட்டு டாக்டர் பயாப்சி (ஊசியால கட்டில ஒரு துணுக்கு எடுத்துப் பாக்கறது) பண்ணணும்னு சொல்றாங்க. ஊசி பட்டா கேன்சர் உடம்பு பூரா பரவிடும்னு சொந்தக்காரங்க பயமுறுத்தறாங்க. அதுக்கு நேரா மார்பையே எடுத்துடுங்கன்னு அக்கா பிடிவாதமா இருக்கா. என்ன பண்றது?

பதில்: ஊசியால பரவும்னு பயந்து பயாப்சிய தள்ளிப்போட வேண்டாம்மா. மார்புல வர்ற கட்டில பெரும்பாலானது கேன்சரே இல்ல, அது தெரியாம மார்ப எடுத்துட்டு அப்புறம் சாதாரண கட்டின்னு ரிப்போர்ட் வந்தா யார் பதில் சொல்றது? கேன்சராவே இருந்தாலும் ஊசியில வர்ற அந்தச் சின்னத் துணுக்க வச்சுதான் ஈஆர், பிஆர் (ஹார்மோனால வளர்ற கட்டியான்னு காட்டறது), ஹெர்2 (கட்டிய வேகமா வளர்க்கற ஒரு புரதம்) டெஸ்ட் பண்ணுவாங்க, மொத்த ட்ரீட்மென்டும் அதுலதான் நிக்குது. ஈஆர் பாசிட்டிவ்னா ஹார்மோனத் தடுக்கற மாத்திரை. ஹெர்2 பாசிட்டிவ்னா டிராஸ்டுஸுமாப் மாதிரி மருந்து, 1998ல இது வர்றதுக்கு முன்னாடி இந்த வகைக்கு டாக்டர்ஸே ரொம்ப கவலப்படுவாங்க. இந்த வகையிலயும், மூணுமே இல்லாத ட்ரிபிள் நெகட்டிவ்லயும் கட்டி கொஞ்சம் பெருசா இருந்தா முதல்ல கீமோ குடுத்து சுருக்கிட்டு அப்புறம்தான் ஆபரேஷன், மருந்துக்குக் கட்டி எப்படி அடங்குதுன்னும் அதுல தெரியும், எடுத்த எடுப்புல கத்திய வச்சா அந்த வாய்ப்பு போச்சு.

மொத்தமா எடுத்தாத்தான் சேஃப்னு அக்கா நினைக்கறதும் அப்படியே சரி கிடையாது. 1970கள்ல அமெரிக்காவுல ஃபிஷர், இத்தாலில வெரோனேசின்னு ரெண்டு சர்ஜன்ஸ் தனித்தனியா ஆரம்பிச்ச ஆய்வோட 20 வருஷ ரிசல்ட் 2002ல வந்துச்சு. கட்டிய மட்டும் எடுத்து ரேடியேஷன் வாங்கினவங்களும், மார்பையே எடுத்தவங்களும் உயிர் பிழைச்சிருந்த அளவு கிட்டத்தட்ட ஒண்ணுதான். அதே மார்புல திரும்ப வர்ற சான்ஸ் மட்டும் கொஞ்சம் கூட. ஆனா ஒரே மார்புல பல இடத்துல கட்டி, பிஆர்சிஏ மரபணுக் கோளாறு, ஏற்கனவே அங்க ரேடியேஷன் வாங்கினவங்கன்னா மொத்தமா எடுக்கறது நியாயமா இருக்கலாம். அத ரிப்போர்ட் கையில வந்தப்புறம் பேசுங்க, சொந்தக்காரங்கள பக்கத்துல வச்சுக்காம.

கேள்வி: மார்புக் கேன்சர் ட்ரீட்மென்ட் முடிஞ்சு 2 வருஷமா டமாக்ஸிஃபென்ங்கற ஹார்மோன் தடுப்பு மாத்திரை போடறேன். உடம்பு குப்புனு சூடாகி வேர்த்துக் கொட்டுது, தூக்கமே இல்ல. நிறுத்திடலாமா?

பதில்: நீங்களா நிறுத்தாதீங்க. ஈஆர் பாசிட்டிவ் வகை 5 வருஷம் கழிச்சும், ஏன் 15 வருஷம் கழிச்சும் திரும்பலாம், அதனாலதான் 5 வருஷம், சிலருக்கு 10 வருஷம் மாத்திரை. வேர்வைக்கு மருந்து இருக்கு, டாக்டர்கிட்ட வெக்கப்படாம கேளுங்க, ஆனா பராக்ஸிடின்ங்கற மனச்சோர்வு மருந்து மட்டும் வேண்டாம், டமாக்ஸிஃபென் வேலை செய்யறத அது கெடுக்கும். மாதவிடாய் நின்னவங்களுக்கு ரத்தம் பட்டாலோ, கால் ஒருபக்கம் வீங்கி வலிச்சாலோ அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காம உடனே போய் காட்டணும்.