கல்லடிப் பாலமும் இராஜகிரிய மேம்பாலமும்

அன்பின் ஐயா,

களுவாஞ்சிகுடியைச் சொந்த ஊராகக் கொண்ட நான், ஆறு வருடங்களாகக் கொழும்பின் புறநகரான மாலபேயில் குடியிருந்து கொள்ளுப்பிட்டியில் வேலை செய்கிறேன். காலை ஆறரைக்கு 177 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால்தான் எட்டரைக்கு அலுவலகத்தில் இருக்கலாம். வீதிகளை அகலமாக்கியும் மேம்பாலங்களைக் கட்டியும் கொழும்பின் நெரிசலைத் தீர்க்க முடியாது என்று சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். மட்டக்களப்பு வாவியின் மேல் கல்லடியில் புதிய பாலம் வந்த பிறகு நாம் பட்ட அவதி தீரவில்லையா? அங்கே தீர்ந்தது இங்கே ஏன் தீராது? பஸ் வழியிலுள்ள இராஜகிரிய மேம்பாலத்தில் ஒரு நிமிடத்தில் ஏறி இறங்கிவிட்டு ஆயுர்வேதச் சந்தியில் கால் மணி நேரம் நிற்கிறோம் என்பது உண்மைதான். அப்படியென்றால் அந்தச் சந்தியிலும் ஒரு பாலத்தைக் கட்டுவதுதானே முறை? மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கலாமா என்றும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வாசகர், மாலபே

*

அன்பின் தம்பி,

கல்லடிப் பாலத்தை நீங்கள் எடுத்துக்காட்டியது நியாயமானது, அதிலிருந்தே தொடங்குகிறேன். 1924 இல் திறக்கப்பட்ட பழைய இரும்புப் பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்க வாகனங்கள்தான் போக முடிந்தது. மறுபக்கத்தில் மீன் பெட்டி கட்டிய சைக்கிளும் நோயாளியை ஏற்றிய வானும் ஒரே வரிசையில் நின்று எதிர்ப்பக்கத்தின் கடைசி வண்டி இறங்கும்வரை காத்திருந்ததை நானும் பல வருடங்கள் பார்த்திருக்கிறேன். 2013 இல் புதிய பாலம் திறந்தபின் அந்தக் காத்திருப்பு ஒழிந்தது. ஆனால் அது ஒழிந்ததற்குக் காரணம், வாவியைக் கடக்க வேண்டியவர்கள் அனைவரும் பாலம் ஒடுங்கியிருந்த காலத்திலேயே கடந்துகொண்டிருந்தார்கள் என்பதுதான். பாலம் அகன்றுவிட்டது என்பதற்காகக் காத்தான்குடியிலிருந்தும் ஆரையம்பதியிலிருந்தும் ஒரே நாளில் இரண்டு மடங்கு பேர் பட்டணத்துக்குப் புறப்படப் போவதில்லை.

கொழும்பின் நிலைமை அதுவன்று. அங்கே வீதியில் நிற்கும் வாகனங்களுக்குப் பின்னால், நெரிசலுக்குப் பயந்து விடியற்காலை ஐந்தரைக்கே புறப்படுபவர்கள், காரை வீட்டில் விட்டுவிட்டு ரயிலில் தொங்குபவர்கள், போக வேண்டிய பயணத்தைத் தள்ளிப்போட்டவர்கள் என்று கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வரிசை இருக்கிறது. வீதி சற்று இலகுவானதும் அவர்கள் ஏழரை மணிக்கே வந்து சேர்ந்துகொள்கிறார்கள். அதோடு, போக்குவரத்து எளிது என்ற நம்பிக்கையில் கடுவெலைக்கும் அத்துருகிரியவுக்கும் அப்பால் காணிகள் துண்டு துண்டாக விற்பனையாகி, அங்கே குடியேறுபவர்களும் அதே வீதிக்குத்தான் வருகிறார்கள். 2018 இல் திறக்கப்பட்ட இராஜகிரிய மேம்பாலம் பயனற்றது என்று நான் சொல்ல வரவில்லை. அது ஒரு சந்தியின் சிக்கலைத் தீர்த்தது. ஆனால் வாகனங்களை அடுத்த சந்திக்கு முன்னரிலும் வேகமாகக் கொண்டுபோய்க் கொட்டுகிறது. அங்கும் ஒரு பாலம் கட்டினால் அதற்கடுத்த சந்தியின் பெயரை எழுதி எனக்கு இன்னொரு கடிதம் போடுவீர்கள்.

வீதியை அதில் ஓடும் வாகனங்களைக் கொண்டல்லாமல், அது கொண்டுபோய்ச் சேர்க்கும் மனிதர்களைக் கொண்டு அளக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். உங்கள் பஸ்ஸில் ஐம்பது பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களே காருக்கு ஒன்றரைப் பேர் வீதம் வந்தால் முப்பத்து நான்கு கார்கள் வேண்டும். ஒன்றையொன்று ஒட்டி நின்றால்கூட ஒரு காருக்கு ஆறு மீற்றராக ஏறத்தாழ 200 மீற்றர் நீளத்தை அவை அடைத்துக்கொள்ளும். பஸ்ஸுக்கு 12 மீற்றர் போதும். அந்த 12 மீற்றரை 200 மீற்றருக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருக்கிறோம்.

என்றாலும், கார் வைத்திருப்பவரிடம் போய் பஸ்ஸில் ஏறுங்கள் என்று சொல்ல இன்றைக்கு எனக்கு வாய் வராது. நீங்கள் தினமும் காண்பதுதான்: கொண்டக்டர் மிதிபலகையிலிருந்து குதித்து ஓடி, டைம் கீப்பரிடம் நேரத்தைப் பதிந்து, முன்னால் போன பஸ் எத்தனை நிமிடத்துக்கு முன் போனது என்று கேட்டு வருகிறார். இடைவெளி குறைவென்றால் பஸ் ஊர்கிறது, ஆள் சேரும்வரை தரிப்பிடத்தில் இரைந்துகொண்டு நிற்கிறது. பின்னால் இன்னொன்று தென்பட்டதும் வயோதிபர் ஒரு காலை உள்ளே வைப்பதற்குள் பாய்கிறது. இதைச் சாரதியின் குணக்கேடு என்று ஏசுவது எளிது. 1958 இல் அரசுடைமையான பஸ் சேவை 1979 இல் மீண்டும் தனியாருக்குத் திறக்கப்பட்டபோது, பெரும்பாலும் ஒன்றிரண்டு பஸ் மட்டுமே உள்ளவர்களின் கைக்கு அது போனது. சாரதிக்கும் கொண்டக்டருக்கும் அன்றைய வசூலில்தான் பங்கு. தரிப்பிடத்தில் நிற்கும் ஒவ்வொரு பயணியும் அவர்களுடைய வீட்டுச் சோறு என்னும்போது, நேர அட்டவணையை மதித்து ஓடும்படி அவர்களிடம் எப்படிக் கேட்பது?

இந்த முடிச்சை அவிழ்க்க முடியும் என்பதற்கு சியோல் நகரம் சான்று. அங்கும் தனியார் கம்பனிகள் பயணிக்காகப் போட்டியிட்டுக்கொண்டுதான் பஸ் ஓட்டின. 2004 ஜூலையில் நகர நிர்வாகம் பஸ்களைப் பறிக்காமல் வசூலை ஒன்றாகச் சேர்த்தது. ஓடிய கிலோமீற்றருக்குக் கம்பனிகளுக்குக் கொடுப்பனவு என்றாக்கியது. முக்கிய வீதிகளின் நடுவில் பஸ்ஸுக்கென்று தடம் ஒதுக்கியது. பஸ்ஸுக்கும் சுரங்க ரயிலுக்கும் ஒரே அட்டையைத் தந்தது. முதல் நாட்களில் குழப்பமும் கூச்சலும் இருந்தன. ஆனால் ஆள் பிடிப்பதற்காக நிற்க வேண்டிய தேவை ஒழிந்ததும் பஸ் நேரத்துக்கு ஓடத் தொடங்கியது. உங்கள் 177 இல் ஓடும் பஸ்களின் அன்றாட வசூலை ஒரே பெட்டியில் சேர்த்து, சாரதிக்கும் கொண்டக்டருக்கும் மாதச் சம்பளம் கொடுத்து, ஆள் நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் குறித்த நிமிடத்தில் புறப்படச் செய்வதற்குக் கொங்கிறீட் தேவையில்லை. பஸ் ஓட்ட அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர்களோடு பல மாதங்கள் பேசவும், முதல் ஒன்றிரண்டு வருட நட்டத்தை அரசு தாங்கவும் வேண்டியிருக்கும். அது ஒரு மேம்பாலத்தைத் திறந்து வைப்பதைப்போலக் கண்ணுக்குத் தெரியும் வேலையல்ல என்பதால்தான் நடக்காமல் கிடக்கிறது என்று நினைக்கிறேன்.

பஸ் தடத்தையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். 2017 இல் உங்கள் இராஜகிரியவிலேயே அதைப் பரீட்சித்துப் பார்த்தார்கள். பொலிஸார் நின்றால் தடம் இருக்கும், போனால் காரும் ஓட்டோவும் புகுந்துவிடும் என்ற நிலையில் அதனால் பயனில்லை. கமராவும் தண்டப்பணமும் மழை வெயில் பாராமல் வேலை செய்ய வேண்டும். கோட்டையிலிருந்து மாலபே வரை ஏறத்தாழ 16 கிலோமீற்றருக்கு ஜப்பானியக் கடனுதவியோடு திட்டமிட்ட இலகு ரயிலை 2020 இல் கைவிட்டது என் மனதை இன்னும் உறுத்துகிறது. ஆனால் அது மீண்டும் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

நகர மையத்துக்குள் வரும் காருக்குக் கட்டணம் அறவிடுவது கடைசியில் வர வேண்டும். ஸ்டொக்ஹோமில் 2006 இல் அதைப் பரீட்சார்த்தமாகத் தொடங்கியபோது நகர மையத்துக்குள் போய்வரும் வாகனங்கள் ஐந்தில் ஒரு பங்களவு குறைந்தன. அதற்கு முந்தைய வருடமே மேலதிக பஸ்களை ஓட்டிவிட்டார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம். மாற்று வழி கொடுக்காமல் கட்டணம் கேட்டால் அது வெறும் வரி. ஐந்தில் ஒன்று போதுமா என்று சந்தேகப்படாதீர்கள். பாடசாலை விடுமுறையில் கொழும்பு வீதிகள் எப்படி இளகிவிடுகின்றன என்பது உங்களுக்குத் தெரியும். பெரும்பாலும் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் கார்களும் வான்களும்தான் அப்போது குறைகின்றன, அலுவலகம் போகிறவர்களில் பெரும்பாலானோர் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். பாடசாலை பஸ்களைக் கூட்டினால் அந்த இளக்கத்தில் ஒரு பகுதியாவது தவணை நாட்களிலும் கிடைக்கும்.

மோட்டார் சைக்கிள் வாங்குவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். தினமும் நான்கு மணி நேரத்தை வீதியில் இழக்கும் உங்களிடம் பொறுத்திருங்கள் என்று மட்டக்களப்பிலிருந்து சொல்ல எனக்கு உரிமையில்லை. வாங்குங்கள், மழை நாட்களில் மிகக் கவனமாக ஓட்டுங்கள். வாங்கிய பிறகும், பஸ் தடத்தை எடுத்துவிடச் சொல்லி உங்கள் அலுவலகத்தில் யாராவது கையெழுத்துச் சேகரித்துக்கொண்டு வந்தால், ஆறரை மணி பஸ்ஸில் உங்களோடு நின்றுகொண்டு வந்தவர்களை நினைத்து அதில் கையெழுத்திடாமல் இருங்கள்.

அன்புடன்,
மட்டக்களப்பிலிருந்து