ஃபைல் பத்திரமா இருக்கு, பாதைதான் மாறிருச்சு

கேள்வி: பாம்பன்ல நண்டு, கணவா வாங்கி கம்பெனிக்கு அனுப்புறோம். போட்டுக்காரங்களுக்கு குடுத்த முன்பணக் கணக்கு பூரா மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ்ங்கிற டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்லதான் இருக்கு. ஃபோல்டரை புது கம்ப்யூட்டருக்கு மாத்துனதும் 3044னு எரர் வந்து பாதை சரியில்லைங்குது. கணக்கு போயிருச்சா சார்?
- ஒரு வாசகர், பாம்பன்

பதில்: எங்கயும் போகலைங்க, பயப்படாதீங்க. உங்ககிட்ட ரெண்டு ஃபைல் இருக்கும், ஒண்ணுல ஃபார்மும் ரிப்போர்ட்டும், இன்னொண்ணுல டேபிள், அதாவது கணக்கு விவரம் பூரா. முதல் ஃபைல் ரெண்டாவதோட முழு பாதையையும் டிரைவ் எழுத்தோட சேத்து வச்சிருக்கும், பழசுல டி டிரைவ்ல இருந்தது இப்ப சி டிரைவுக்கு வந்துட்டா அது இன்னமும் டி-லயேதான் போய் தேடும்.

மொதல்ல ரெண்டு ஃபைலையும் பென்டிரைவ்ல காப்பி எடுத்து வைங்க, அது முடியாம எதுலயும் கை வைக்காதீங்க, ஊர்க்காரங்க பணம் அது. அப்புறம் ஃபார்ம் இருக்க முதல் ஃபைலைத் திறந்து, எக்ஸ்டர்னல் டேட்டா டேப்ல லிங்க்டு டேபிள் மேனேஜரை திறந்து எல்லா டேபிளையும் டிக் பண்ணி, ரீலிங்க் குடுத்து புது ஃபோல்டர்ல இருக்க டேபிள் ஃபைலை காட்டுங்க. பழைய வெர்ஷன்ல ரீலிங்க் பட்டன் கிடையாது, கீழ புது இடத்தை கேக்கச் சொல்ற டிக் ஒண்ணு இருக்கும், அதைப் போட்டு ஓகே குடுங்க.

ஏலக்கூடத்துல ஒரு சிஸ்டம், ஆபீஸ்ல ஒண்ணுன்னு நெட்வொர்க்ல ஓட்டுறதா இருந்தா இசட் டிரைவ்னு லிங்க் பண்ணவே பண்ணாதீங்க, ஒவ்வொரு மெஷின்லயும் அந்த எழுத்து வேற ஃபோல்டரா இருக்கலாம். ரெண்டு பேக்ஸ்லாஷ், கம்ப்யூட்டர் பேரு, ஷேர் பேருன்னு ஆரம்பிக்கிற பாதையா குடுங்க. அந்த ஃபோல்டர்ல எழுதுற பர்மிஷனும் எல்லாருக்கும் வேணும், ஏன்னா திறக்கும்போது ஆக்சஸ் அங்கயே ஒரு லாக் ஃபைல் போடும், யாரு திறந்து வச்சிருக்காங்கன்னு குறிக்கிற சின்ன ஃபைல் அது.