மலையே இல்லாத ஊரில் எல்லாப் படத்திலும் இரண்டு மலை

கேள்வி: தொடக்க, நடுநிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக வேலை பார்ப்பது எப்படி இருக்கும்? சின்னப் பிள்ளைகளுக்கு ஓவியத்தில் சொல்லித்தர அப்படி என்ன இருக்கிறது?

தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம் பக்கம், குடமுருட்டி ஆற்றை ஒட்டிய ஓர் ஊரில், நடுநிலைப் பள்ளியில் பகுதி நேர ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்ற பாடங்களுக்குத் தமிழகம் முழுக்கப் பகுதி நேர ஆசிரியர்களை எடுத்தார்களே, அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. வாரத்தில் மூன்று நாள், அதுவும் அரை நாள்தான் கணக்கு. சேர்ந்தபோது மாதம் 5,000 ரூபாய். 2024-ல் 12,500 ஆனது. மீதி நேரம் வீட்டில் ஆரி வேலை, பிளவுஸ் தைப்பது என்று ஓடுகிறது. சம்பளக் கதை இவ்வளவு போதும்.

விதிப்படி எனக்கு ஆறாம் வகுப்பிலிருந்து எட்டு வரைதான். ஆனால் ஒன்றாம் வகுப்பும் அதே வளாகத்தில் இருக்கிறது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு "டிராயிங் டீச்சர், எங்க கிளாஸுக்கு எப்ப வருவீங்க?" என்று கேட்கிற பிள்ளையிடம் அரசாணையையா காட்ட முடியும்? போய்விடுவேன்.

வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று: பள்ளியில் தூரிகை தொடுகிற எந்த வேலை வந்தாலும் டிராயிங் டீச்சர் தலையில்தான். 'குடிநீர்' என்று தொட்டி மேல் எழுத வேண்டும். குடியரசு தினத்துக்குக் கரும்பலகையில் கொடி வரைய வேண்டும். எண்ணும் எழுத்தும் வகுப்புக்கு அட்டைகள், கலைத் திருவிழாவுக்கு மேடைப் பின்னணி. அப்புறம் அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது கணக்கு டீச்சர் வருவார். "இன்னிக்கி ஒரு பீரியட் மட்டும் குடுங்க டீச்சர், வகுத்தல் முடியல." கொடுப்பேன். கடன் போன பீரியட் திரும்பி வந்ததாக எந்தப் பள்ளியிலும் சரித்திரம் கிடையாது.

சரி, சொல்லித்தர என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன்.

சேர்ந்த முதல் மாதம் ஐந்தாம் வகுப்பில் "உங்க ஊரை வரைங்க" என்றேன். முப்பது தாள் வந்தது. முப்பதிலும் இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், மலையிலிருந்து வளைந்து வரும் நீல ஆறு, ஓரத்தில் ஒரு குடிசை, ஒரு தென்னை, ஆங்கில 'வி' மாதிரி நாலு பறவை. எங்கள் ஊரில் நின்று எந்தத் திசையில் பார்த்தாலும் மலை கிடையாது. மேடு என்றால் வரப்பு. உயரம் என்றால் கோயில் கோபுரமும் செல்போன் டவரும்.

"யாராவது மலையைப் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டேன். ஒருத்தன் பழனிக்கு மொட்டை போடப் போனபோது பார்த்திருக்கிறான். ஒருத்தி திருச்சி மலைக்கோட்டை என்றாள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "நான் பார்த்திருக்கேன் டீச்சர், சுவாமிமலை!" எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தெரியாதவர்களுக்கு: சுவாமிமலை ஆட்கள் கட்டிய கட்டுமலை. அறுபது தமிழ் வருடங்களுக்கும் ஒன்று வீதம் அறுபது படி. டெல்டாவில் மலை வேண்டுமென்றால் நாமேதான் கட்டிக்கொள்ள வேண்டும்.

அன்றைக்கே அவர்களைப் பள்ளிக்குப் பின்னால் கூட்டிப் போனேன். மதிலுக்கு அப்பால் வயல். "வானமும் நிலமும் எங்க முட்டுது, அந்த இடத்தை மட்டும் போடுங்க." பத்து நிமிடம் ஒரே சத்தம். பிறகு மெல்ல மெல்ல, நேர்க்கோடு ஒன்று, அதன் மேல் குச்சி குச்சியாகப் பனை, கரண்ட் கம்பம், வைக்கோல் போர். ஒருத்தி டிரான்ஸ்பார்மரை அவ்வளவு பொறுமையாக வரைந்தாள். அழகாக இருந்ததா என்றால் இல்லை. ஆனால் முப்பது தாளும் முப்பது விதமாக இருந்தன.

ஆற்றுக் கதை இன்னும் நல்ல கதை. பள்ளி திறப்பது ஜூன் தொடக்கத்தில். மேட்டூர் அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. அதற்குப் பிறகு தண்ணீர் கல்லணைக்கு வந்து, பிரிந்து, எங்கள் ஆற்றுக்கு வந்து சேரும்வரை வெறும் மணல்தான். ஒரு பையன் ஆற்றை வரைந்திருந்தான். மணல் நிறம், நடுவில் மூன்று ஸ்டம்ப், மட்டையோடு ஒருத்தன். பக்கத்தில் இருந்தவன் புகார் சொன்னான்: "டீச்சர், ஆறுன்னா ப்ளூதானே அடிக்கணும்? இவன் ஆத்துல கிரிக்கெட் ஆடுறான்." ஆடத்தானே செய்கிறார்கள்! அந்தப் படத்தைச் சுவரில் ஒட்டினேன். தண்ணீர் வந்த வாரம் எல்லோரையும் மறுபடி ஆற்றை வரையச் சொன்னேன். நுரையும் சருகுமாக வருகிற புதுத் தண்ணீர் கலங்கல் நிறம். அன்றைக்கும் நீலக் கிரேயானை யாரும் தொடவில்லை.

நிறம் என்றதும் பச்சையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தப் பிள்ளைகளிடம் நான் பாடம் படித்த இடம் அது. பள்ளியில் ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு விலையில்லாக் கிரேயானும், மூன்றிலிருந்து ஐந்து வரை வண்ணப் பென்சிலும் தருகிறார்கள். பெட்டியில் எண்ணிப் பார்த்தால் பச்சை ஒன்றோ இரண்டோ. மதிலுக்கு அந்தப் பக்கம் எத்தனை பச்சை! நாற்றங்காலின் இளம்பச்சை, நட்டு நாலு நாளான வயலின் வெளிறிய பச்சை, கதிர் பழுக்கும்போது மஞ்சள் ஏறுகிற பச்சை. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒரு வயலை மட்டும் கருகருவென்று தீட்டியிருந்தாள். ஏன் என்றேன். "அது யூரியா போட்ட பச்சை டீச்சர். எங்கப்பாட்ட அட்டை இருக்கு" என்றாள். மறுநாள் கொண்டுவந்தாள். இலை வண்ண அட்டை: வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை ஆறு பட்டை கொண்ட பிளாஸ்டிக் அட்டை. நெற்பயிரின் இலையை அதன் மேல் வைத்து ஒப்பிட்டு, பயிருக்குத் தழைச்சத்து தேவையா, வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். அதற்கு முறையும் இருக்கிறது. முழுதாக விரிந்த இளம் இலையின் நடுப்பகுதியைத்தான் வைக்க வேண்டும். இலை மேல் நேர் வெயில் விழக்கூடாது, நம் நிழலுக்குள் வைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே நேரத்தில், அதே ஆள்தான் பார்க்க வேண்டும். ஆளுக்கு ஆள் கண் மாறும் இல்லையா?

ஓவியப் பயிற்சியில் எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாக நிறம் பார்க்கச் சொல்லித்தரவில்லை. அந்த மாதம் முழுக்க அதுவே பாடம். ஒரே பச்சைப் பென்சிலை வைத்து, அழுத்தம் கூட்டிக் குறைத்து, கீழே மஞ்சள் தீட்டி, மேலே பழுப்பு தடவி ஆறு பட்டை கொண்டுவர வேண்டும். எட்டுப் பட்டை கொண்டுவந்தவர்களும் உண்டு.

எங்களைப் போன்ற பகுதி நேரக்காரர்கள் நாலைந்து பேர் எப்போதாவது சனிக்கிழமை கும்பகோணத்தில் காபிக் கடையில் உட்காருவோம். ஒரு பள்ளியில் ஓவியத்துக்கு ஒரு ஆள்தான், பேச இன்னொருத்தர் கிடையாது. அதனால் அந்த ஒரு மணி நேரத்தில் யார் என்ன செய்தார், எது சொதப்பியது என்று கொட்டித் தீர்ப்போம். மன்னார்குடிப் பக்கத்துத் தோழி சொன்ன ஆரத்திப் பாடம் எனக்கு வருடா வருடம் கைகொடுக்கிறது. மஞ்சள் கரைத்த தண்ணீரைத் தாளில் பூசிக் காயவிட வேண்டும். அதன் மேல் சுண்ணாம்புத் தண்ணீரைக் குச்சியால் தொட்டு வரைந்தால் கோடு சிவப்பாக எழும்பும். காசே ஆகாது. செம்பருத்திச் சாறும் அப்படித்தான்: எலுமிச்சை பிழிந்தால் சிவப்பு, சுண்ணாம்பு விட்டால் பச்சை. வெயில் படுகிற சுவரில் ஒட்டாதீர்கள். மஞ்சள் சில வாரங்களில் வெளுத்து, தலைமையாசிரியர் "என்ன டீச்சர், வெறும் பேப்பரை ஒட்டி வச்சிருக்கீங்க?" என்று கேட்பார்.

நான் சொதப்பியதும் சொல்கிறேன். தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை செய்யலாம் என்று கிளம்பினேன். கொட்டாங்குச்சிக்குள் களிமண், மேலே காகிதக் கூம்பு. அடி கனமாகவும் உருண்டையாகவும் இருந்தால் எப்படித் தள்ளினாலும் நிமிர வேண்டும். பிள்ளைகள் தலைக்குக் கிரீடம், மீசை, ஜடை என்று களிமண்ணிலேயே ஒட்டிவிட்டார்கள். ஒன்றுகூட நிமிரவில்லை, எல்லாம் குப்புறப் படுத்துக்கொண்டன. "நம்ம பொம்மை தூங்குது டீச்சர்."

இந்த வேலையில் உண்மையிலேயே கஷ்டமானது நாலாம், ஐந்தாம் வகுப்பில் வருகிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பயமே கிடையாது. பஸ் வரைந்தால் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் கால் வரை தெரியும், அந்தப் பக்கத்துச் சக்கரமும் தெரியும். ஒன்பது, பத்து வயதில் திடீரென்று பக்கத்துத் தாளைப் பார்க்க ஆரம்பிக்கிறார்கள். "எனக்கு வராது டீச்சர்." பென்சிலைவிட ரப்பர் அதிகம் தேயும். நான் ரப்பரை வாங்கி மேசையில் வைத்துவிடுவேன். தப்பான கோடு இருக்கட்டும், பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடு என்பேன். ஒருத்தி ரப்பர் இல்லாமல் ஒரு பீரியட் முழுக்க அழுதாள். அடுத்த வாரமும் ரப்பர் கொடுக்கவில்லை. சரியா தப்பா, இன்றைக்கும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அவள் இப்போது ஏழாம் வகுப்பில் வரைந்துகொண்டுதான் இருக்கிறாள்.

இந்த வேலைக்கு வர நினைத்தால்: நான் அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியம் லோயர், ஹையர் இரண்டும் முடித்து, கோடை விடுமுறையில் நடக்கும் தொழிலாசிரியர் பயிற்சி முடித்தவள். கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் பட்டம் படித்துவிட்டு வருகிறவர்களும் உண்டு, அவர்கள் கை என் கையைவிடத் தேர்ந்த கை.

அந்தக் கிரிக்கெட் பையனை ஓர் ஓவியப் போட்டிக்குக் கூட்டிப் போனேன். தலைப்பு 'இயற்கைக் காட்சி'. அவன் அதே வறண்ட ஆற்றை, இந்த முறை மதகு, கொக்கு எல்லாம் சேர்த்து வரைந்தான். முதல் பரிசு இரண்டு மலைக்கும் நடுவில் ஒரு சூரியனுக்கும் போனது. பஸ்ஸில் திரும்பி வரும்போது ரொம்ப நேரம் பேசவே இல்லை. பாபநாசம் வரும் நேரத்தில் கேட்டான்: "டீச்சர், அடுத்த தடவை நானும் மலை போடவா?"

"போடு. நீ பார்த்த மலையைப் போடு" என்றேன்.

திங்கட்கிழமை சுவாமிமலையை ஆரம்பித்தான். அறுபது படியும் போட்டே தீருவேன் என்று நின்றதில் முப்பத்தெட்டாவது படியிலேயே தாள் முடிந்துபோய், மேலே இன்னொரு தாளை ஒட்டிக் கொடுத்தேன்.