மாவட்டப் போட்டியைத் தாண்டாத ஆசிரியரிடம் மகள் ஓட்டம் கற்கலாமா?

கேள்வி:
என் மகளுக்கு 13 வயது. அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். 800 மீட்டர் ஓட்டத்தில் இந்த ஆண்டு மாவட்ட அளவில் முதலிடம் பெற்றாள். பயிற்சி தருபவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். அவர் தம் காலத்தில் மாவட்டப் போட்டியைத் தாண்டியதில்லை. தேசியப் பதக்கம் வாங்கிய ஒருவர் பக்கத்து நகரத்தில் அகாடமி தொடங்கியிருக்கிறார். "தான் ஓடி ஜெயிக்காதவர் பிள்ளைக்கு என்ன சொல்லித்தரப் போகிறார்?" என்று என் மைத்துனர் கேட்கிறார். போன மாதம் முழங்காலுக்குக் கீழே வலி என்று மகள் சொன்னதும், ஆசிரியர் இரண்டு வாரம் அவளை ஓடவே விடவில்லை. அதனால் ஒரு போட்டி கைவிட்டுப் போனது. அதுவும் மனத்தை உறுத்துகிறது. மாற்றிவிடலாமா?
- ஒரு தந்தை, ஈரோடு மாவட்டம்

பதில்:
ஐயா, உங்கள் மைத்துனரின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதற்குப் பதில் உங்கள் மகள் ஓடும் அதே 800 மீட்டரில் இருக்கிறது.

கென்யாவில் இட்டென் என்று ஒரு சிற்றூர். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,400 மீட்டர் உயரம். அங்குள்ள செயின்ட் பேட்ரிக்ஸ் பள்ளிக்கு 1976இல் அயர்லாந்திலிருந்து கோல்ம் ஓ'கானெல் என்ற கிறிஸ்துவத் துறவி வந்தார். வந்தது புவியியல் கற்பிக்க. தடகளத்தில் அவருக்கு எந்தப் பின்னணியும் இல்லை. அங்கே ஓட்டப் பயிற்சி தந்துகொண்டிருந்த பீட்டர் ஃபாஸ்டர் என்ற ஆசிரியர் ஊர் திரும்பியபோது அந்தப் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்தே தொழில் கற்றார். அந்தப் பள்ளியில் படித்த பீட்டர் ரோனோ 1988 சியோல் ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் தங்கம் வென்றார்.

பிறகு டேவிட் ருடிஷா வந்தார். 400 மீட்டர் ஓடிக்கொண்டிருந்த பையனை 800க்கு மாறச் சொன்னவர் ஓ'கானெல்தான். 2012 லண்டன் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் ருடிஷா தொடக்கம் முதல் கடைசிவரை முன்னாலேயே ஓடி, 1 நிமிடம் 40.91 நொடியில் உலக சாதனையோடு தங்கம் வென்றார். 1 நிமிடம் 41 நொடிக்குள் 800 மீட்டரை ஓடி முடித்த முதல் மனிதர் அவர். இந்த ருடிஷாவின் தந்தையே ஒலிம்பிக் பதக்கம் பெற்றவர். 1968 மெக்சிகோவில் 4x400 தொடர் ஓட்டத்தில் வெள்ளி வென்ற கென்ய அணியில் ஓடியவர். வீட்டிலேயே அப்படி ஒருவர் இருந்தும், மகனை உலக சாதனைவரை கூட்டிச் சென்றவர் பூகோள வாத்தியார். இதை உங்கள் மைத்துனரிடம் அவசியம் சொல்லுங்கள்.

அவ்வளவு தூரம் போகாமல் பக்கத்துக் கேரளத்தையும் பார்க்கலாம். பி.டி. உஷாவை உருவாக்கிய ஓ.எம். நம்பியார் விமானப்படையில் இருந்தபோது ஓடியவர். நாட்டுக்காக ஓடும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. பாட்டியாலாவில் பயிற்சியாளர் படிப்பு முடித்து, கண்ணூர் விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்தார். உஷா அங்கேதான் அவரிடம் பயிற்சி பெற்றார். 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் உஷா நான்காவதாக வந்தார். வெண்கலம் நழுவியது நொடியில் நூறில் ஒரு பங்கு இடைவெளியில். மறு ஆண்டு பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சார்யா விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர்களில் நம்பியாரும் ஒருவர்.

இதனால் நட்சத்திரங்களுக்குச் சொல்லித்தர வராது என்று சொல்லிவிட மாட்டேன். அந்த உஷாவே பின்னாளில் பயிற்சியாளராகி, டின்டு லூக்காவை வளர்த்தார். டின்டு 2015இல் 800 மீட்டரில் ஆசிய சாம்பியன். பாட்மின்டனில் கோபிசந்த் 2001இல் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்றவர். சாய்னாவும் சிந்துவும் அவரிடம் பயின்று ஒலிம்பிக் பதக்கம் பெற்றார்கள். ஆனால் பதக்கம் வாங்கிய எல்லோரும் உஷாவோ கோபிசந்தோ ஆகிவிடுவதில்லை. நம் வீட்டுப் பாட்டிகளிடம் ரசத்துக்கு எவ்வளவு புளி என்று கேட்டுப் பாருங்கள். "வேண்டிய அளவு போடு" என்பார்கள். அவர்கள் கைக்கு அளவு தெரியும். அதை வாயால் சொல்லத்தான் வராது. இயல்பாகவே காற்றைப் போல ஓடியவருக்கும் இந்தச் சிக்கல் உண்டு. தாம் எதைச் சரியாகச் செய்தோம் என்பதை அவர் ஒருபோதும் யோசிக்க வேண்டியிருந்ததில்லை. தட்டுத் தடுமாறிக் கற்றவருக்கோ ஒவ்வொரு படியும் நினைவிருக்கும்.

பெரிய அளவில் ஓடியவரிடம் மட்டுமே கிடைக்கும் சில விஷயங்களும் இருக்கின்றன. 800 மீட்டரில் முதல் வளைவு முடிந்ததும் எல்லோரும் தடத்தை விட்டு உள்பக்கம் ஒதுங்குவார்கள். அந்த இடத்து முட்டல் மோதலை, தேசியப் போட்டிக்கு முந்தைய இரவின் பதற்றத்தை அனுபவித்தவர் சொல்லும்போது அதற்குத் தனி எடை இருக்கும். உங்கள் மகளுக்கு அது தேவைப்படும் காலம் வரும். அதை விடுமுறையில் இரண்டு வாரம் அந்த அகாடமிக்குப் போய்க்கூடக் கற்றுக்கொள்ளலாம்.

இப்போது உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட வரிக்கு வருகிறேன். வலி என்றதும் இரண்டு வாரம் ஓடவிடவில்லை என்று குறையாக எழுதியிருக்கிறீர்கள். ஐயா, நான் அந்த ஆசிரியரைக் கையெடுத்துக் கும்பிடுவேன். எலும்பு வளர்கிற வயதில் கீழ்க்கால் வலியோடு தொடர்ந்து ஓடினால் எலும்பில் மயிரிழை விரிசல் விழக்கூடும். அது ஆறவே மாதக்கணக்கில் ஆகலாம். ஒரு போட்டியில் கிடைக்கக்கூடிய பெயரை விட்டுவிட்டு, பிள்ளையின் காலைக் காப்பாற்றியிருக்கிறார். 13 வயதுப் பெண்ணுக்குப் பயிற்சியாளரிடம் வேண்டியது முதலில் இதுதான். வலி திரும்ப வந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

என் கருத்து, இப்போது மாற்ற வேண்டாம் என்பதே. இருந்தாலும் ஒரு வாரம் காலையில் மைதானத்துக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். ஒவ்வொரு பிள்ளையின் நேரத்தையும் குறித்து வைக்கிறாரா, தவறைச் சொல்லும்போது அவர்களுக்குப் புரியும்படி சொல்கிறாரா, மாதவிடாய் நாட்களில் பெண் பிள்ளைகள் கூச்சமில்லாமல் ஓய்வு கேட்க முடிகிறதா என்று கவனியுங்கள். அவரிடம் முன்பு ஓடியவர்கள் பத்தாம் வகுப்புக்குப் பிறகும் ஓடுகிறார்களா, காயத்தோடு நின்றுவிட்டார்களா என்று விசாரியுங்கள். அகாடமிக்குப் போனாலும் இதையே பாருங்கள். பெற்றோர் பயிற்சியைப் பார்க்கக் கூடாது என்று சொல்லும் இடம் எதுவானாலும், அங்கே எத்தனை பதக்கம் மாட்டியிருந்தாலும் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.

ஆசிரியரிடமும் நேரடியாகக் கேளுங்கள்: "சார், இவளை எந்தக் கட்டத்தில் வேறு ஒருவரிடம் அனுப்ப வேண்டியிருக்கும்?" முகம் சுளிக்காமல் யோசித்துப் பதில் சொல்கிறவர் என்றால், அந்த நாள் வரும்போது அவரே உங்களிடம் வந்து சொல்லுவார்.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதத்தில் நீங்கள் பேசுகிறீர்கள், மைத்துனர் பேசுகிறார். மகள் என்ன சொல்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. இன்று இரவு சாப்பிடும்போது அவளிடம் கேட்டுவிட்டு, பிறகு எனக்கு எழுதுங்கள்.