பழைய மோட்டார் சைக்கிள் திடீரென இழுவையை இழந்தால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

உங்கள் கேள்வியில் இருப்பது இதுதான்: 1990களில் வந்த 125 சிசி ஒற்றைச் சிலிண்டர் வண்டி. முந்தின நாள் வரை ஒழுங்காக ஓடியது. கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து மருதானைக்குப் போகும் வழியில் திடீரென இழுவை குறைந்து, அக்சிலேட்டரை முழுக்கத் திருகினாலும் 40ஐத் தாண்டவில்லை. எஞ்சினைத் திறந்து பிஸ்டனும் அதைச் சுற்றியுள்ள ரிங்கும் மாற்ற வேண்டும் என்று கராஜில் சொல்கிறார்கள். சம்மதிக்கலாமா?

இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள். ரிங்கும் சிலிண்டரும் தேய்வது மாதக்கணக்கில் நடக்கிற காரியம். ஒயில் குறையும், நீலப்புகை வரும், முன்பு நான்காம் கியரில் ஏறிய மேட்டுக்கு மூன்றாம் கியர் தேவைப்படும். நேற்று நன்றாக ஓடிய வண்டி இன்று இழுக்கவில்லை என்றால் பெரும்பாலும் ஏதோ ஒன்று அடைத்திருக்கிறது, கழன்றிருக்கிறது, அல்லது வழுக்குகிறது. அந்த மூன்றையும் எஞ்சினைத் திறக்காமலே பார்த்துவிடலாம்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. இழுவை போன அந்த நேரத்தில் எஞ்சினுக்குள்ளிருந்து இரும்பு உரசும் அல்லது தட்டும் சத்தம் வந்திருந்தால், திரும்ப ஸ்டார்ட் செய்ய வேண்டாம். முதலில் ஒயிலைப் பாருங்கள். வண்டியை நடு ஸ்டாண்டில் நிமிர்த்தி நிறுத்தித்தான் பார்க்க வேண்டும். பல பழைய வண்டிகளில் அளவுகோலைத் திருகாமல், துளையில் சும்மா வைத்து எடுத்தால்தான் சரியான அளவு தெரியும். அதில் ஒயில் ஒட்டவே இல்லை என்றால் கராஜ்காரர் சொன்னது சரியாக இருக்கலாம்.

ஒயில் சரியாக இருந்தால் அடுத்த கேள்வி: எஞ்சினுக்குப் பலமில்லையா, அல்லது எஞ்சினின் பலம் சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லையா? கூட்டம் இல்லாத ஞாயிறு காலையில் மேல் கியரில் போட்டு அக்சிலேட்டரைத் திருகுங்கள். எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. கிளட்ச் லீவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீற்றர் வரை தளர்ச்சி இருக்க வேண்டும். அண்மையில் ஒயில் மாற்றினீர்களா என்பதையும் யோசித்துப் பாருங்கள். காருக்கென்று விற்கும் சில ஒயில்களில் உராய்வைக் குறைக்கும் சேர்க்கைகள் இருக்கின்றன. ஒயிலில் நனைந்து ஓடும் மோட்டார் சைக்கிள் கிளட்சுக்கு அவை ஆகாது. போத்தலில் ‘ஜாசோ எம்ஏ’ (JASO MA) என்ற, மோட்டார் சைக்கிள் ஒயிலுக்கான தரக்குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இன்னொன்று, சிறிது தூரம் ஓடியதும் இறங்கிப் பின் சக்கர டிரம்மின் அருகே கையைக் கொண்டுபோங்கள். சூடு அடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, எஞ்சின்மேல் பிழையில்லை.

இந்த இரண்டும் இல்லையென்றால் பெற்றோலுக்கு வாருங்கள். பழைய வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது பெற்றோல் தாங்கியின் மூடியைத்தான். அதில் காற்றுப்போக ஒரு மிகச் சிறிய வழி இருக்கிறது. அது அடைபட்டால், பெற்றோல் இறங்க இறங்கத் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி, இறங்குவதே நின்றுவிடும். வீடுகளுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் ஓர் இளைஞனின் வண்டி பம்பலப்பிட்டியைத் தாண்டுவதற்குள் ஒவ்வொரு நாளும் திணறியது. ஒரு கராஜில், பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் காபரேட்டரைக் கழற்றிப் பூட்டி, உள் சாமான்களையும் மாற்றிக் கொடுத்திருந்தார்கள். திணறல் நிற்கவில்லை. திணறிக்கொண்டிருக்கும்போதே வண்டியை ஓரமாக நிறுத்தி மூடியைத் திறக்கச் சொன்னேன். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபட்டது. திரும்பப் பூட்டி ஓடியபோது வண்டி பழைய வேகத்தில் போனது. தாங்கிக்குப் புதிதாக நிறம் அடித்தவர் மூடியையும் சேர்த்து அடித்திருந்தார். அந்தத் துளை நிறத்தால் மூடியிருந்தது. ஒரு நாள் ஓட்டம் நின்றால் அந்த வீட்டில் அன்றைய வருமானம் இல்லை. பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் சாமான் மாற்றுவதைக் கண்டால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

மூடி நல்லதென்றால், எஞ்சின் ஆறியபின் காபரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி, ஒரு போத்தலில் பெற்றோலை இறக்கிப் பாருங்கள். பக்கத்தில் நெருப்போ சிகரெட்டோ இருக்கக் கூடாது. தாரை தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே அளவில் வர வேண்டும். போத்தலைச் சற்று நேரம் அசையாமல் வைத்தால் தண்ணீரும் துருவும் அடியில் தங்கும். காபரேட்டரின் அடிக் கிண்ணத்திலுள்ள வடிகால் திருகாணியைத் தளர்த்தியும் இதையே பார்க்கலாம். அரைத் தாங்கியோடு நெடுநாள் நிற்கும் வண்டியில், பெற்றோல் மட்டத்துக்கு மேலேயுள்ள தகரம் ஈரத்தில் துருப்பிடிக்கும். 2022இல் பெற்றோல் கிடைக்காமல் நிறுத்திவைத்த வண்டிகள் பிறகு ஓடத் தொடங்கியபோது, அந்தத் துரு பொடியாக இறங்கிப் பிரதான ஜெட்டை, அதாவது காபரேட்டருக்குள் பெற்றோல் போகும் சிறு துளையை, அடைத்ததை நிறையக் கண்டேன். ஜெட் அடைத்த வண்டி நின்ற இடத்தில் அழகாக இயங்கும்; அக்சிலேட்டரை முழுக்கத் திருகினால்தான் மூச்சு முட்டும். வெற்றிடத்தால் பிஸ்டன் மேலெழும் வகைக் காபரேட்டர் என்றால் அதன் றப்பர் சவ்வை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு கிழிசலே இதே குறியைக் காட்டும். காற்று வடிகட்டியைச் சொல்லவே தேவையில்லை, கழற்றிப் பார்க்க ஐந்து நிமிடம்.

பிறகு நெருப்பு, அதாவது பெற்றோலைப் பற்றவைக்கும் பிளக்கின் பொறி. பிளக்கைக் கழற்றினால் அதன் முனை கபில நிறமாக இருப்பது நலம். உலர்ந்த கறுப்பு என்றால் பெற்றோல் மிஞ்சுகிறது அல்லது காற்று போதவில்லை. ஒயில் பிசுக்குள்ள கறுப்பு என்றால் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. வெளுத்துப் போயிருந்தால் பெற்றோல் குறைவு. வெள்ளவத்தை, கொள்ளுப்பிட்டி போலக் கடலோரத்தில் நிறுத்தும் வண்டிகளில் உப்புக்காற்று வயர் இணைப்புகளைப் பச்சையாக அரித்துவிடும். ஒவ்வொன்றையும் பிரித்துத் துடைத்துப் பூட்டுங்கள். இருட்டில் எஞ்சினை இயக்கி பிளக் தொப்பியைப் பாருங்கள், தொடாமல். நீலப் பொறி வெளியே பாய்ந்தால் தொப்பியோ வயரோ வெடித்திருக்கிறது.

பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கும் கொயிலின் பழுதும் தாங்கி மூடியின் அடைப்பும் ஒரே மாதிரித் தோன்றும். இரண்டிலும் வண்டி பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு தளரும், நிறுத்திவைத்தால் தேறும். பிரித்தறிய ஒரு வழி உண்டு. மூடியைத் திறந்து சற்று நேரத்திலேயே தேறினால் பெற்றோல். திறந்தும் பயனில்லாமல், எஞ்சின் ஆறும்வரை அரைமணி நேரம் காத்திருந்தால்தான் தேறுகிறதென்றால் கொயில். பொறிக்கான மின்சாரத்தைத் துண்டித்துவிடும் பொயிண்ட் உள்ள வண்டியில், அதோடு சேர்ந்த கண்டென்சரும் காரணமாக இருக்கலாம்.

இவ்வளவும் சரியாக இருந்தால்தான் சிலிண்டருக்குள் உண்டாகும் அமுக்கத்தை அளக்க வேண்டும். பிளக் துளையில் அமுக்க மானியைப் பூட்டி, அக்சிலேட்டரை முழுக்கத் திறந்துபிடித்து, முள் நிற்கும்வரை உதையுங்கள். 150 பிஎஸ்ஐ அளவில் இருந்தால் எஞ்சின்மேல் சந்தேகம் வேண்டாம். 100க்குக் கீழே நின்றால் பிளக் துளையால் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயிலை விட்டுத் திரும்ப அளக்க வேண்டும். முள் நன்றாக ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. வால்வு என்றாலும் உடனே ஹெட்டைக் கழற்ற விடாதீர்கள். அண்மையில் டெப்பட்டை (வால்வை அமுக்கும் பாகத்தின் இடைவெளியை) சரிபார்த்தவர் இடைவெளி இல்லாமல் இறுக்கியிருந்தாலும் வால்வு முழுதாக மூடாமல் அமுக்கம் போகும். குளிர்ந்த எஞ்சினில் அதை அளப்பதற்கு ஒரு தகட்டு அளவி போதும். வால்வுகளை இயக்கும் கேம் செயின் ஒரு பல் தாவியிருக்கிறதா என்பதையும் அப்போதே குறிகளை ஒத்துப் பார்த்துவிடலாம்.

சாமான் மாற்றத்தான் வேண்டும் என்றால் வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்குப் பழையதைக் கையோடு கொண்டுபோய், பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்குங்கள். 2020 மார்ச்சில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வண்டிகளை நம்பியே பல குடும்பங்கள் ஓடின. ஒரிஜினல் என்ற பெயரில் எல்லாமே விலைபோகிறது.

இன்றைக்கு மூடியையும் பிளக்கையும் மட்டும் பாருங்கள். மூடியைத் திறந்தபோது என்ன நடந்தது, பிளக் முனை என்ன நிறம் என்று எழுதினால், அடுத்து எங்கே கைவைப்பது என்று சொல்கிறேன்.