துடுப்புப் படகுப் பயணம்: முன்பணம் கொடுப்பதற்கு முன்

கேள்வி: பள்ளியில் ஒன்றாகப் படித்த நாங்கள் ஐந்து பேர், டிசம்பர் விடுமுறையில் தேவிபட்டினத்திலிருந்து தொண்டி வரை கரையை ஒட்டியே கயாக்கில் துடுப்பு போட்டுச் சென்று, வழியில் ஆளில்லாத இடங்களில் கூடாரம் அடித்து இரண்டு இரவுகள் தங்க விரும்புகிறோம். முடிந்தால் கீழக்கரைக்கு எதிரே உள்ள தீவு ஒன்றிலும் ஓர் இரவு தங்க ஆசை. காற்றடைத்துப் பயன்படுத்தும் கயாக்குகள் இணையத்தில் தள்ளுபடி விலையில் கிடைக்கின்றன. இப்போதே வாங்கிவிடலாமா?
(வாசகர், தேவிபட்டினம்)

பதில்: வாங்க வேண்டாம். இத்தகைய பயணத்தில் படகு என்பது கடைசியாகப் பணம் போட வேண்டிய பொருள். எந்த மாதம், எந்தக் கரை, யாருடைய அனுமதி என்பவை முடிவான பிறகே எந்தப் படகு வேண்டும் என்பது தெரியவரும். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, தள்ளுபடியில் வாங்கிய பொருளுக்கு ஏற்ற கடலைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் மாதத்தைப் பாருங்கள். டிசம்பரில் வாடைக் காற்று வடகடலின், அதாவது பாக் நீரிணைப் பக்கக் கடலின், மீது நேராக வீசும். தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, காரங்காடு, நம்புதாளை, தொண்டி ஆகிய ஊர்கள் எல்லாம் பாக் நீரிணைப் பக்கம் இருப்பதால், அந்த மாதத்தில் அலையும் கலங்கலும் அங்கேதான் அதிகம். வங்கக் கடலில் புயல் உருவாகும் பருவமும் அதுவே. 1964ஆம் ஆண்டு தனுஷ்கோடியை அழித்த புயல் டிசம்பர் மாதத்தில்தான் வந்தது. ஆடி மாதத்தில் நிலைமை வேறு. தென்மேற்கிலிருந்து வரும் காற்றால் மன்னார் வளைகுடாப் பக்கம் கடல் கொந்தளிக்க, வடகடல் கரையோரம் குளம்போல் அமைதியாகத் தெரியும். அந்த அமைதியை நம்பக் கூடாது, ஏனெனில் அப்போது காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. எடை குறைந்த காற்றடைத்த கயாக்கை அது சத்தமில்லாமல் ஆழத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும், திரும்பி வர எதிர்க்காற்றில் துடுப்பு போட வேண்டியிருக்கும். வாடை ஓய்ந்த பிறகு, பிப்ரவரி பிற்பகுதியும் மார்ச்சும் உங்களைப் போன்ற புதியவர்களுக்கு ஏற்ற காலம். விடுமுறையை மாற்ற முடியாது என்றால் பயணத்தை மாற்றுங்கள்.

தீவு பற்றிய ஆசையை விட்டுவிடுங்கள். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் 1986ஆம் ஆண்டு முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அப்பா தீவு, தலையாரித் தீவு, வாழைத் தீவு உட்பட எதிலும் வனத்துறையின் அனுமதியின்றி இறங்குவது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். “தீவில் கூடாரம், ஒரு இரவு, இரண்டு வேளை மீன் சாப்பாடு” என்று யாராவது விளம்பரம் செய்தால், அவர் விற்கும் உரிமை அவரிடமே இல்லை என்று அறிந்து விலகிக்கொள்ளுங்கள். தீவைப் பார்த்தே ஆக வேண்டுமானால், வனத்துறை ஏற்பாட்டில் குருசடைத் தீவுக்குப் படகில் சென்று வரலாம்.

அடுத்தது உயிர்காப்புக் கவசம், அதாவது லைஃப் ஜாக்கெட். விலையைப் பார்க்கும் முன் உட்புறம் தைத்திருக்கும் துணிச்சீட்டைப் பாருங்கள். மிதப்புத்திறன் நியூட்டன் கணக்கில் இருக்க வேண்டும். எத்தனை கிலோ எடையுள்ளவருக்கு உரியது என்பதும், தர எண்ணும், தயாரித்தவர் பெயரும் இருக்க வேண்டும். ஐஎஸ்ஓ 12402 என்ற தர வரிசையில் 50 நியூட்டன் என்பது நீந்தத் தெரிந்தவர், உதவி அருகில் உள்ள இடத்தில் அணிவதற்கு உரியது. மயங்கியவரின் முகத்தை அது மேல்நோக்கித் திருப்பாது. 100 நியூட்டன் அமைதியான நீர்நிலைகளுக்கும், 150 நியூட்டன் திறந்த கடலுக்கும் உரியவை. துடுப்பு போடக் கை தடையின்றி அசைய வேண்டும் என்பதால் கயாக்கில் செல்பவர்கள் பெரும்பாலும் 50ஐ அணிகிறார்கள். ஐவரில் நீந்தத் தெரியாதவர் ஒருவர் இருந்தால், அவருக்குக் கனமான கவசம் வாங்கித் தருவதைவிட நீச்சல் கற்றுத் தருவதே நல்லது. அதுவரை அவர் கரையிலேயே இருக்கட்டும்.

கடையில் கவசத்தை அணிந்து, எல்லாப் பட்டைகளையும் இறுக்கி, நண்பரிடம் அதன் இரு தோள்பட்டைகளையும் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். கழுத்துப்பகுதி மூக்கு வரை ஏறினால் அது உங்கள் அளவு அல்ல. பிறகு மார்புப் பக்கத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். நல்ல நுரைப்பஞ்சு அழுங்கி மெதுவாக எழும்பும்; உள்ளே தெர்மாக்கோல் துண்டுகள் இருந்தால் நெறுநெறுவென்று சத்தம் கேட்கும், அதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். ஜிப் இரும்பாக இருந்தால் உப்புக் காற்றில் சில வாரங்களிலேயே துருப்பிடித்து இறுகிவிடும். பிளாஸ்டிக் ஜிப்பும் பிளாஸ்டிக் கொக்கியும் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

இனி படகுக்கு வருவோம். விளம்பரத்தில் போட்டிருக்கும் சுமைத்திறன் என்பது படகு மூழ்காமல் மிதக்கக்கூடிய எல்லை. ஒழுங்காகத் துடுப்பு போட்டுச் செல்ல அதில் மூன்றில் இரண்டு பங்கை மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும். நமது கரையில் குடிநீர் கிடைக்கும் என்று நம்பிச் செல்ல முடியாது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்றாலும், ஐந்து பேருக்கு மூன்று நாட்களில் 60 லிட்டர், அதாவது தண்ணீர் மட்டுமே 60 கிலோ. கூடாரம், அரிசி, அடுப்பு எல்லாம் அதற்கு மேல். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் நீங்கள் குறிப்பிடும் தள்ளுபடிப் படகுகளில் பெரும்பாலானவை தாமாகவே விலகிவிடும். மேலும் காரங்காட்டுப் பக்கம் அலையாத்தி வேர்களில் ஒட்டியிருக்கும் சிப்பியும் கொட்டலசும் காற்றடைத்த படகின் அடிப்பகுதியைக் கீறிவிடும். வெயிலில் முழுக் காற்றோடு கரையில் ஏற்றி வைத்தால் உள்ளே அழுத்தம் கூடித் தையலும் ஒட்டும் விட்டுப்போகும். ஒரே அச்சில் வார்த்த கெட்டியான பாலிஎத்திலீன் கயாக்கே இந்தக் கரைக்கு ஏற்றது. அதன் மேலே உட்கார்ந்து செல்லும் வகையில், புகும் நீர் தானாக வடிய ஓட்டைகள் இருக்கும். கவிழ்ந்தாலும் மீண்டும் ஏறிக்கொள்ளலாம்.

அதையும் முதல் பயணத்துக்கே வாங்க வேண்டியதில்லை. காரங்காட்டில் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து நடத்தும் கயாக் சவாரியிலோ, பிரப்பன்வலசைக் கடற்கரையில் நடக்கும் பயிற்சியிலோ ஐவரும் ஒரு காலைப்பொழுது துடுப்பு போட்டுப் பாருங்கள். இருவர் அன்று மாலையே “நான் தொண்டிக்குப் பஸ்ஸில் வந்துவிடுகிறேன்” என்று சொல்லக்கூடும். படகு வாங்கும் முன் அது தெரிவது நல்லதுதானே. புறப்படும் நாளில் பயணத்திட்டத்தைக் கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல் நிலையத்தில் தெரிவித்து, ஐவரும் ஆதார் அட்டையை உடன் வைத்திருங்கள். எல்லைக்கு அருகில் உள்ள கடல் இது. இரவில் கரையில் வெளிச்சம் தெரிந்தால் விசாரணை வரும். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554, கடலோரப் பாதுகாப்பு உதவி எண் 1093. வழியில் நண்டு வலைகளின் மிதவைகளையும், பாசி வளர்க்கும் மூங்கில் தெப்பங்களையும் கண்டால் சுற்றிச் செல்லுங்கள். அவை ஒரு குடும்பத்தின் முதலீடு.

கேள்வி: மூன்று நாள் கயாக் முகாமுக்கு, ஆறு பேர் சார்பில் நான் ஒருவனே என் கணக்கிலிருந்து முழுத்தொகையையும் முன்கூட்டிச் செலுத்தினேன். புறப்பட வேண்டிய நாளில் பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டு, மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்ற அறிவிப்பும் வந்ததால் ஏற்பாட்டாளரே பயணத்தை ரத்து செய்தார். இப்போது “முன்பணம் திருப்பித் தரப்படமாட்டாது என்று படிவத்தில் உள்ளது, நீங்கள் கையொப்பம் இட்டிருக்கிறீர்கள்” என்கிறார். ரசீதும் தரவில்லை.
(வாசகர், உச்சிப்புளி)

பதில்: ரத்து செய்தவர் அவர், சேவை பெறாதவர் நீங்கள். காற்றுக்கு அவர் பொறுப்பல்ல என்பது உண்மை. ஆனால் நடக்காத பயணத்தின் பணத்தை முழுவதுமாக வைத்துக்கொள்ள அந்தக் காற்று அவருக்கு உரிமை தந்துவிடவும் இல்லை. முன்கூட்டியே வாங்கிய உணவுப் பொருள், வண்டி வாடகை போன்ற மெய்யான செலவுகளுக்குக் கணக்குக் காட்டி அவற்றைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவதோ, வேறு தேதி தருவதோ நியாயம். வேறு தேதியை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பமாக இருக்க வேண்டும்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ரசீது தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. பணம் செலுத்தியவர் மட்டுமன்றி, அவருடைய ஒப்புதலோடு அந்தச் சேவையைப் பெற இருந்தவரும் நுகர்வோரே. ஆகவே மற்ற ஐவரும் உங்களோடு சேர்ந்து நிற்கலாம். முதலில் பணம் செலுத்திய பதிவு, வாட்ஸ்அப் உரையாடல், படிவத்தின் படம், வானிலை அறிவிப்பு ஆகியவற்றை ஓரிடத்தில் சேருங்கள். பிறகு 15 நாள் அவகாசம் தந்து பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். அதில் கோபம் வேண்டாம், தேதியும் தொகையும் போதும். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். பல தகராறுகள் அந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடுகின்றன. முடியாவிட்டால் இராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குச் செல்லலாம். ஏற்பாட்டாளர் சென்னையில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரச் சட்டம் இடம் தருகிறது. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும்.

அடுத்த முறை ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிய பிறகு பணம் அனுப்புங்கள்: காற்று எழுந்தால் யார் நிறுத்துவார், நிறுத்தினால் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பும்? இதற்கு நேர்பதில் சொல்லாதவர் கடலில் மட்டும் நேராக நடந்துகொள்வார் என்று எதிர்பார்க்க முடியாது. “உயிருக்கு நாங்கள் பொறுப்பல்ல” என்ற படிவத்தைக் கண்டு அஞ்சவும் வேண்டாம், அலட்சியமாக இருக்கவும் வேண்டாம்; அதில் கையொப்பமிட்டாலும் அவருடைய கவனக்குறைவைப் பற்றிப் புகார் செய்யும் உரிமை உங்களை விட்டுப் போய்விடாது.

கடிதத்தின் இறுதியில், ஆறு பேரில் ஒருவர் தம் பங்கை இன்னும் தரவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது எந்த ஆணையத்துக்கும் உரியதல்ல. பணம் கட்டும் முன்பே குழுவில் “விலகினாலும் பங்கு உண்டு” என்று ஒரு வரி போட்டு எல்லோரிடமும் சம்மதம் வாங்கியிருக்கலாம். நெருங்கிய நண்பர்களிடம் இதைக் கேட்கத்தான் கூச்சமாக இருக்கிறது.

கேள்வி: நான்கு கயாக் வாங்கி, எங்கள் பயணம் முடிந்ததும் அரியமான் பக்கம் வாடகைக்கு விட்டுப் போட்ட பணத்தை எடுக்க நினைக்கிறோம். பொருளில் குறை இருந்தால் நுகர்வோர் சட்டம் உதவுமா?
(வாசகர், மண்டபம்)

பதில்: வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். சுயதொழிலாகத் தம் பிழைப்புக்கு மட்டுமே வாங்கியவருக்கு விலக்கு உண்டு. பக்க வருமானத்துக்காக வாங்குபவர்கள் அந்த விலக்கைக் கோருவது கடினம். சொந்தப் பயன்பாட்டுக்கு என்றால், குறையுள்ள பொருளைப் பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள்ளும், காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள்ளும் விற்றவர் திரும்பப் பெற மறுப்பது முறைகேடு. “விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது” என்று பில்லில் அச்சிட்டிருந்தாலும் இதுவே நிலை. இணையத்தில் வாங்கினால், அந்த இணையதளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பொட்டலம் பிரிப்பதைக் காணொளியாக எடுத்து, அன்றே தண்ணீரில் இறக்கிப் பாருங்கள்.

கேள்வி: டொராண்டோவில் வேலை பார்க்கும் நண்பன், எங்கள் நால்வரையும் அல்கான்குயின் பூங்காவுக்குக் கேனோ (மேல்புறம் திறந்த துடுப்புப் படகு) பயணம் வரச் சொல்கிறான். சாமான்களை இங்கேயே மலிவாக வாங்கிச் செல்லலாமா? முன்னதாக அவன் ஊருக்கு வரும்போது, சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும் செயற்கைக்கோள் தொடர்புக் கருவி ஒன்றை நம் கடலில் பயன்படுத்தக் கொண்டுவருவதாகவும் சொல்கிறான்.
(வாசகர், கீழக்கரை)

பதில்: இரண்டாவது கேள்விக்கு உடனே பதில் சொல்லி நண்பரைத் தடுத்துவிடுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் செயற்கைக்கோள் தொலைபேசியையோ தொடர்புக் கருவியையோ இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும் பொருளை அறியாமல் கொண்டுவந்து நமது விமான நிலையங்களில் பிடிபட்டவர்கள் உண்டு. எல்லைக் கடலை ஒட்டிய நம் மாவட்டத்தில் அதைக் கையில் வைத்திருப்பது இன்னும் பெரிய சிக்கலாகும்.

அல்கான்குயினுக்கு இங்கிருந்து படகுச் சாமான் எதையும் சுமக்க வேண்டாம். 1893இல் அமைக்கப்பட்ட அந்தப் பூங்காவில் ஏரிக்கு ஏரி கேனோவைத் தலைமேல் சுமந்து நடக்கும் பாதைகள் உள்ளன. ஆகவே படகின் எடைதான் வாடகையைத் தீர்மானிக்கும். கெவ்லார் இழையில் செய்த லேசான கேனோவுக்கு வாடகை கூடுதல். இந்த ஒன்றில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். துடுப்பு, உயிர்காப்புக் கவசம், கூடாரம் எல்லாம் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். அடுப்புக்கான எரிவாயுக் குப்பியை விமானத்தில் எடுத்துச் செல்லவே முடியாது. பூங்காவின் உட்பகுதிக்குத் தகரடப்பாவும் கண்ணாடிப் புட்டியும் கொண்டுசெல்லக் கூடாது என்பதால், டின் மீனும் ஊறுகாய்ப் புட்டியும் வேண்டாம். கருவாட்டையும் விட்டுவிடுங்கள், அங்கே கருங்கரடிகள் உண்டு, உணவுப் பையை மரத்தில் உயரத் தொங்கவிட்டுத்தான் தூங்க வேண்டும்.

உட்பகுதியில் தங்கும் அனுமதியை ஐந்து மாதங்களுக்கு முன்பிருந்தே பதிவு செய்யலாம். ஓர் இடத்தில் ஒன்பது பேருக்கு மேல் தங்க முடியாது, நீங்கள் ஐவர் என்பதால் சிக்கல் இல்லை. விசா கைக்கு வரும் முன் திருப்பித் தரப்படாத விமானச் சீட்டையோ வாடகைப் பதிவையோ எடுக்காதீர்கள். பயணக் காப்பீட்டில் “சாகச விளையாட்டு” என்ற விலக்குப் பகுதியைத் தேடிப் படித்து, கேனோ அதில் அடங்குமா என்று நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைச் சேமித்துக்கொள்ளுங்கள். இங்குள்ள முகவர் மூலம் பதிவு செய்தால், அவர் செய்த தவறுக்கு இராமநாதபுரத்திலேயே வழக்குப் போடலாம். கனடாவில் உள்ள வாடகைக் கடையோடு தகராறு வந்தால் அதை இங்கிருந்து நடத்துவது வீண் அலைச்சல். அந்தப் பதிவை மட்டும் நண்பரின் பெயரிலேயே செய்யச் சொல்லுங்கள்.